அணைப்பைத் திருத்தும் மூன்றாம் ஆள்

ஒரு பெண்ணும் ஓர் ஆணும் இறுகக் கட்டிப்பிடித்து நிற்கிறார்கள். கோட் அணிந்த இன்னொருவர் வருகிறார். அந்த அணைப்பு அவருக்குச் சரியாகப் படவில்லை போலும். பெண்ணின் கைகளை ஆணின் கழுத்திலிருந்து பிரித்துக் கீழே விடுகிறார். இருவர் முகத்தையும் திருப்பி உதட்டோடு உதட்டைப் பொருத்துகிறார். ஆணின் முழங்கைகளை மடக்கி நிறுத்தி, அவற்றின் மேல் பெண்ணைத் தூக்கிக் கிடத்துகிறார். வந்த வேலை முடிந்தது என்பதுபோலத் திரும்பி நடக்கிறார். ஆணின் கைகள் தளர்கின்றன. பெண் நழுவித் தரையில் விழுகிறாள். விழுந்தவள் அடுத்த நொடியே எழுந்து மறுபடி அவன் கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள். போனவர் திரும்பி வருகிறார். கை, முகம், முழங்கை, பெண். மறுபடி விழுகிறாள், மறுபடி கட்டிக்கொள்கிறாள். ஒவ்வொரு முறையும் வேகம் கூடுகிறது. ஒரு கட்டத்தில் அந்த மூன்றாம் ஆள் வருவதை நிறுத்திவிடுகிறார். அவர் இல்லாமலே இருவரும் அதே வரிசையைச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

1978 மே 20 அன்று ஜெர்மனியின் வுப்பர்தால் நகரில் முதன்முதலாக நிகழ்த்தப்பட்ட 'கஃபே முல்லர்' படைப்பில் வரும் காட்சி இது. அணைத்துக்கொள்பவர்கள் மாலு ஐரோடோ, டொமினிக் மெர்சி. திருத்துபவர் யான் மினாரிக். அமைத்தவர் பினா பௌஷ். மனித உறவுகளைப் பற்றிய நடனம் என்று உலகெங்கும் பேசப்படும்போது முதலில் வரும் பெயர் அவருடையது. அதனாலேயே ஒரு தவறான எண்ணமும் சேர்ந்து பரவியிருக்கிறது. உள்ளே பொங்கும் உணர்ச்சியை உடலால் கொட்டித் தீர்ப்பதுதான் அவருடைய கலை என்று பலர் நினைக்கிறார்கள். காட்சிகளைக் கூர்ந்து பார்த்தால் வேறொன்று தெரிகிறது. அவர் மேடையில் இருவர் மட்டும் தனித்திருப்பது அபூர்வம். எங்கேயோ ஒரு மூன்றாம் ஆள் நின்றுகொண்டே இருக்கிறார். எப்படி அணைக்க வேண்டும், எப்படி நிற்க வேண்டும், யாராக இருக்க வேண்டும் என்று அவர் சொல்லிக்கொடுக்கிறார். பௌஷின் நடன அரங்கு உணர்ச்சியைக் காட்டுவதைவிட, உணர்ச்சி நமக்குள் எப்படிப் பழக்கப்படுத்தப்படுகிறது என்பதைக் காட்டுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நடன அரங்கு என்பது நாட்டிய நாடகம் அல்ல. நாட்டிய நாடகம் என்றால் நமக்கு ருக்மிணி தேவி 1944இல் அமைத்த 'குற்றாலக் குறவஞ்சி' போன்றவை நினைவுக்கு வரும். கதை உண்டு, பாத்திரம் உண்டு, பாட்டு கதையைச் சொல்லும், ஆட்டம் பாட்டுக்கு உருக்கொடுக்கும். பௌஷின் அரங்கில் கதை இல்லை. பாத்திரமும் பெரும்பாலும் இல்லை. நடனர்கள் தங்கள் சொந்தப் பெயரிலேயே மேடையில் அழைக்கப்படுகிறார்கள். பேசுகிறார்கள், பாடுகிறார்கள், சாப்பிடுகிறார்கள், பார்வையாளரிடம் வந்து புகைப்படம் காட்டுகிறார்கள். இடையிடையே ஆடவும் செய்கிறார்கள்.

இந்த வடிவம் வானத்திலிருந்து குதிக்கவில்லை. பௌஷின் ஆசிரியர் கூர்ட் யோஸ். அவருடைய 'பச்சை மேசை' 1932இல் பாரிஸில் நடந்த சர்வதேச நடனப் போட்டியில் முதல் பரிசு பெற்றது. கறுப்பு உடையணிந்த கனவான்கள் ஒரு மேசையைச் சுற்றி நின்று நாசூக்காக வாதாடுவார்கள்; போர் மூளும்; மரணம் ஒவ்வொருவராக அழைத்துப் போகும்; கனவான்கள் மறுபடி மேசையைச் சுற்றி நிற்பார்கள். அடுத்த ஆண்டே நாஜிகள் ஆட்சிக்கு வந்தார்கள். தன் குழுவிலிருந்த யூதர்களை, குறிப்பாக இசையமைப்பாளர் ஃபிரிட்ஸ் கோஹனை விலக்க மறுத்த யோஸ் நாட்டைவிட்டு வெளியேறி இங்கிலாந்தில் தங்கினார். 1949இல் திரும்பி வந்து, எஸ்ஸன் நகரிலிருந்த ஃபோல்க்வாங் பள்ளியில் மறுபடி கற்பிக்கத் தொடங்கினார். போருக்கு முன் ஜெர்மனியில் செழித்திருந்த உணர்ச்சி வெளிப்பாட்டு நடனம் அப்போது பெயர் கெட்டுக் கிடந்தது. அதன் முன்னோடிகளான ருடால்ஃப் லாபான், மேரி விக்மன் போன்றோர் நாஜி ஆட்சியின் தொடக்க ஆண்டுகளில் அந்த அரசின் விழாக்களுக்குப் பணியாற்றியிருந்தார்கள். ஆகவே போருக்குப் பின் நகராட்சி அரங்குகள் எல்லாம் பாலேயின் பக்கம் ஒதுங்கிக்கொண்டன. உணர்ச்சிவசப்பட்டு ஒரே அசைவாகக் கைதூக்கிய கூட்டத்தைப் பார்த்துவிட்ட நாட்டில், உணர்ச்சி என்ற சொல்லையே சந்தேகத்தோடு பார்க்க வேண்டியிருந்தது. பௌஷ் வளர்ந்தது இந்தச் சந்தேகத்துக்குள்தான்.

1940 ஜூலை 27 அன்று ஸோலிங்கன் நகரில் பிறந்தவர். பெற்றோர் உணவகத்தோடு கூடிய ஒரு சிறு விடுதி நடத்தினார்கள். மேசைகளுக்கு அடியில் உட்கார்ந்து, வந்துபோகிறவர்களின் கால்களையும் சண்டைகளையும் கொஞ்சல்களையும் பார்த்து வளர்ந்த குழந்தை. பதினைந்து வயதுவாக்கில் ஃபோல்க்வாங்கில் சேர்ந்தார். படிப்பு முடிந்ததும் உதவித்தொகை பெற்று நியூயார்க் ஜூலியர்ட் பள்ளிக்குப் போனார். 1962இல் யோஸின் குழுவுக்கே திரும்பினார். 1973இல் வுப்பர்தால் நகர அரங்கின் இயக்குநர் ஆர்னோ வுஸ்டன்ஹோஃபர் அவரை நகரின் பாலே குழுவுக்குத் தலைமை தாங்க அழைத்தார். அன்ன நடையும் வெள்ளைப் பாவாடையும் பார்த்துப் பழகிய ரசிகர்கள் அரங்கின் கதவை அறைந்துவிட்டு வெளியேறினார்கள். ஜவுளித் தொழிலில் எழுந்த நகரம் அது, எங்கெல்ஸ் பிறந்த ஊர். 1901லிருந்து ஆற்றுக்கு மேலே தொங்கியபடி ஓடும் ரயில்தான் அதன் அடையாளம். அழகான ஊர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பௌஷுக்கு அதுதான் பிடித்திருந்தது. பார்மன் பகுதியில் லிக்ட்பூர்க் என்ற பழைய சினிமா கொட்டகையில்தான் ஒத்திகைகள் நடந்தன.

தொடக்கத்தில் அவர் பாலேயை முழுதாகக் கைவிடவில்லை. 1975 டிசம்பரில் ஸ்ட்ராவின்ஸ்கியின் இசைக்கு அமைத்த 'வசந்தப் பலி' முழுக்க ஆட்டம்தான். மேடையில் மண் கொட்டப்பட்டிருக்கும். இடைவேளையில் ஊழியர்கள் அந்த மண்ணைக் கொட்டிப் பரப்புவதைப் பார்க்கவே பலர் இருக்கையை விட்டு எழுவதில்லை. ஆட ஆட வியர்வையில் மண் ஒட்டி, வெளிர் நிற உடைகள் அழுக்காகும். பலிக்கு உரியவள் யார் என்பது தெரியாமல் ஒரு சிவப்புத் துணி கைக்குக் கை மாறும். வாங்குகிறவளின் கை நடுங்கும். கொடுத்துவிட்டவளின் தோள் சற்றே தளரும். இங்கேயும் ஒரு மூன்றாம் ஆள் இருக்கிறார். எதிரே நிற்கும் ஆணும், சுற்றி நிற்கும் கூட்டமும்தான் அவர்.

'கஃபே முல்லர்' முதலில் நான்கு நடன அமைப்பாளர்கள் சேர்ந்து வழங்கிய ஒரு மாலை நிகழ்ச்சியின் பகுதி. ஒரே தலைப்பு, பொதுவான சில நிபந்தனைகள், நான்கு பேர் நான்கு விதமாக அமைத்தார்கள். இன்று மிஞ்சியிருப்பது பௌஷின் பகுதி மட்டும். மேடை முழுக்க நாற்காலிகளும் சிறு மேசைகளும் கிடக்கும். கண்ணை மூடிய பெண்கள் அதற்குள் நடப்பார்கள், ஓடுவார்கள். பின்னால் சுவரோரம் கைகளை முன்னே நீட்டியபடி நடமாடும் மெலிந்த உருவம் பௌஷ். பெர்செலின் சோகப் பாடல்கள் ஒலிக்கும். ஓடும் பெண் நாற்காலியில் மோதிவிடாமல், அவளுக்கு ஓரடி முன்னால் ஒரு மனிதர் பாய்ந்து பாய்ந்து நாற்காலிகளைத் தள்ளி வழி செய்துகொண்டே போவார். நாற்காலிகள் கவிழும் சத்தம் பாடலை வெட்டிக்கொண்டே இருக்கும். முதல் நிகழ்த்தலில் அந்த மனிதர் ரோல்ஃப் போர்ட்ஸிக். மேடை வடிவமைப்பாளரும் அவரே, பௌஷின் வாழ்க்கைத் துணைவரும் அவரே.

அதாவது, நாற்காலிகளை அங்கே போட்டவரே அவற்றை அகற்றவும் ஓடுகிறார். விமர்சனங்கள் பெரும்பாலும் அணைப்புக் காட்சியையே பேசுகின்றன. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இந்த ஓட்டம். அணைப்பைத் திருத்துகிறவர் அவசரமில்லாமல், எல்லாம் தெரிந்தவராக வருகிறார். நாற்காலியைத் தள்ளுகிறவருக்கு அந்த நிதானம் கிடையாது. பெண் அடுத்து எந்தப் பக்கம் திரும்புவாள் என்று தெரியாது. அவளுக்கோ இவர் இருப்பதே தெரியாது. இரண்டு பேரும் உறவுக்கு வெளியே நிற்கும் மூன்றாம் ஆட்கள்தான். ஒருவர் உடலைத் திருத்துகிறார், இன்னொருவர் உடலைச் சுற்றியிருக்கும் இடத்தைத் திருத்துகிறார். எது அன்பு, எது அதிகாரம் என்று பெயர் ஒட்டிவிட்டுப் போவது எளிது. மேடையிலோ பாதுகாப்பவரின் ஆவேசம்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகச் சத்தம் எழுப்புகிறது. போர்ட்ஸிக் 1980 ஜனவரியில் ரத்தப் புற்றுநோயால் இறந்தார்.

கண்ணை மூடி ஆடும் பகுதியைப் பற்றி பௌஷ் சொன்ன ஒரு செய்தி உண்டு. சில காலம் கழித்து அதை மறுபடி ஆடியபோது பழைய உணர்வு வரவே இல்லையாம். அசைவுகள் எல்லாம் சரியாக இருந்தன. கடைசியில் காரணம் பிடிபட்டது. மூடிய இமைகளுக்குள் கண்கள் கீழே பார்க்கின்றனவா, நேரே பார்க்கின்றனவா என்பதில்தான் எல்லாம் இருந்திருக்கிறது. பார்வையாளருக்குத் துளியும் தெரியாத இந்த வேறுபாட்டைத் தேடி அலைந்த ஒருவரை, உணர்ச்சியைக் கொட்டுகிறவர் என்று சொல்வது பொருந்தாது. உணர்வு வரும் என்று அவர் காத்திருக்கவில்லை. அது வரக்கூடிய உடல் நிலையை மில்லிமீட்டர் கணக்கில் தேடினார்.

தமிழ் வாசகருக்கு இந்த மூன்றாம் ஆள் புதியவர் அல்ல. அகப்பாடல்களில் தலைவனும் தலைவியும் ஒருபோதும் தனியாக இல்லை. தோழி இருக்கிறாள், செவிலி இருக்கிறாள், பாணன் இருக்கிறான், அலர் தூற்றும் ஊர் இருக்கிறது. அவர்கள் வழியாகத்தான் காதல் பேச்சாகிறது. பதத்துக்கு அபிநயம் பிடிக்கும்போதும் நாயகி பெரும்பாலும் சகியிடம்தான் பேசுகிறாள். ஒரு முக்கியமான வேறுபாடு இருக்கிறது. தோழி தலைவிக்காகப் பேசுவாள், அவள் கையைப் பிடித்து அணைப்பைத் திருத்தமாட்டாள். மறுபடி மறுபடி செய்வது இரு மரபிலும் உண்டு, ஆனால் திசை நேரெதிர். பாலசரஸ்வதி போன்ற ஒரு மேதை ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடவிட்டு, ஒவ்வொரு முறையும் வேறொரு பாவத்தைக் கொண்டுவருவார். வரி நிற்கும், உடல் மாறும். பௌஷின் மேடையில் உடல் ஒரே செயலைச் செய்துகொண்டே இருக்கும். மாறுவது பார்க்கிறவர் மனம். முதல் முறை விழும்போது பதறுகிறோம், நான்காம் முறை சிரிக்கிறோம், எட்டாம் முறை நம் சிரிப்பே நமக்குக் கூசுகிறது. பாவத்தைக் கலைஞர் சுமப்பது ஒன்று, பார்வையாளர் தலையில் அதை இறக்கிவைத்துவிடுவது இன்னொன்று.

இந்த முறையின் உச்சம் அதே 1978 டிசம்பரில் வந்த 'கொன்டாக்ட்ஹோஃப்'. பழைய நடனக் கூடம், சுவரோரம் நாற்காலி வரிசை. ஆண்கள் சூட்டிலும் பெண்கள் பளபளக்கும் மாலை நேர உடையிலும் வருவார்கள். ஒவ்வொருவராக மேடையின் விளிம்புக்கு வந்து முன்புறம் காட்டுவார்கள், திரும்பிப் பின்புறம் காட்டுவார்கள், தலைமுடியைக் கோதுவார்கள், பல்லைக் காட்டுவார்கள், கைகளை நீட்டிப் புறங்கையும் உள்ளங்கையும் காட்டுவார்கள். வேலைக்கு ஆள் எடுக்கும் இடமா, பெண் பார்க்கும் படலமா, மாட்டுச் சந்தையா என்று தீர்மானிக்க முடியாது. இங்கே மூன்றாம் ஆள் மேடையில் இல்லை. அவர் டிக்கெட் வாங்கிக்கொண்டு கீழே உட்கார்ந்திருக்கிறார்.

அந்தப் படைப்பின் கடைசிப் பகுதியில் ஒரு பெண் நடுவில் தனியாக நிற்பாள். ஓர் ஆண் வந்து அவள் மூக்கை மெல்லக் கிள்ளுவான். இன்னொருவன் கன்னத்தைத் தடவுவான். ஒருவன் தோளில் தட்டிக்கொடுப்பான், ஒருவன் முடியை ஒதுக்கிவிடுவான், ஒருவன் வயிற்றில் செல்லமாகத் தட்டுவான். தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றும் கனிவான செய்கைதான். தாத்தா பேத்திக்குச் செய்வது, அண்ணன் தங்கைக்குச் செய்வது, மருத்துவர் நோயாளிக்குச் செய்வது. எல்லா ஆண்களும் ஒரே நேரத்தில், நிறுத்தாமல் அதையே செய்யும்போது அந்தப் பெண்ணின் உடல் கொஞ்சம் கொஞ்சமாகத் துவண்டு போகிறது. ஒருவர்கூடக் கை ஓங்கவில்லை. புகார் கொடுக்கவும் எதுவும் இல்லை. நெரிசலான பேருந்தில் போய்வரும் எந்தப் பெண்ணுக்கும் இதற்கு விளக்கவுரை தேவைப்படாது.

இந்தக் காட்சிகள் எப்படிப் பிறந்தன என்பதும் முக்கியம். 1978இல் போஹும் நகரில் ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்'தைத் தழுவி ஒரு படைப்பு செய்ய பௌஷ் அழைக்கப்பட்டார். குழுவில் நடனர்களோடு நடிகர்களும் ஒரு பாடகியும் இருந்தார்கள். அசைவுகளைச் சொல்லிக்கொடுத்துச் செய்யச் சொல்ல வழியில்லை. எனவே கேள்வி கேட்கத் தொடங்கினார். குழந்தைப் பருவம், பயம், கூச்சம், ஒருவர் தன்னை நேசிக்க வேண்டும் என்பதற்காகச் செய்த தந்திரங்கள் என்று போகும் கேள்விகள். பதிலைச் சொல்லாலோ அசைவாலோ தரலாம். எல்லாரும் எழுதிவைத்துக்கொள்வார்கள். ஒத்திகைக் காலத்தில் நூறு கேள்விகள்வரை போகும். பதில்களில் பெரும்பகுதி கழிந்துபோகும். எஞ்சியவற்றை ஒன்றோடொன்று ஒட்டி, ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றி, பௌஷ் படைப்பாக்குவார். மனிதர்கள் எப்படி அசைகிறார்கள் என்பதைவிட எது அவர்களை அசைக்கிறது என்பதில்தான் தனக்கு அக்கறை என்று அவர் சொன்னது இன்று தேய்ந்துபோன மேற்கோள் ஆகிவிட்டது. அந்த அக்கறைக்குப் பின்னால் இருந்த தொழில்நுட்பம் இந்தக் கேள்வித்தாள்.

இதில் ஒரு சங்கடம் உண்டு, அதை மழுப்ப வேண்டியதில்லை. பதில் நடனருடையது, படைப்பு பௌஷின் பெயரில். சிகரெட் புகைத்தபடி மேசைக்குப் பின்னால் அமர்ந்து, எது வேண்டும் எது வேண்டாம் என்று முடிவெடுத்தவரும் ஒரு மூன்றாம் ஆள்தான். நிகழ்ச்சிக் குறிப்புகளில் நடனர்களின் பங்கு குறிப்பிடப்பட்டது உண்மை. இருந்தாலும் தன் அம்மாவைப் பற்றி ஒருவர் சொன்ன நினைவு, அடுத்த தலைமுறையில் இன்னொரு நடனரின் வாயில் அதே சொற்களில் வரும்போது அது யாருடைய நினைவு?

அடையாளம் என்பதை நேரடியாகத் தொட்ட படைப்பு 1982இல் வந்த 'நெல்கன்'. மேடை முழுக்க ஆயிரக்கணக்கில் இளஞ்சிவப்புக் கார்னேஷன் பூக்கள் நட்டு நிற்கும். ஓரங்களில் காவலர்கள் நிஜமான காவல் நாய்களைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பெண்களின் கவுன் அணிந்த ஆண்கள் முயல்களைப் போலப் பூக்களுக்கிடையே துள்ளுவார்கள். கறுப்பு சூட் போட்ட ஒருவர் குறுக்கே வந்து ஒருவனிடம் பாஸ்போர்ட் கேட்பார். விளையாட்டு அப்படியே நின்றுபோகும். பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கேட்டவர் அடுத்த கட்டளை போடுவார். ஆட்டைப் போலக் கத்து, நாயைப் போலக் குரை. பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்க வேண்டுமே, அவனும் கத்துவான். நடனர்கள் பல நாட்டுக்காரர்கள். குடியேற்ற அலுவலகத்தின் கவுண்டரில் நின்ற அனுபவம் அவர்களுக்குப் புதிதல்ல. இன்னோர் இடத்தில் டொமினிக் மெர்சி மூச்சிரைக்க பாலேயின் கடினமான தாவல்களையும் சுழல்களையும் ஒவ்வொன்றாகச் செய்து காட்டி, இதுதானே வேண்டும், இன்னும் என்ன வேண்டும் என்று பார்வையாளரைப் பார்த்துக் கத்துவார். பாஸ்போர்ட் கேட்கும் அதிகாரியும், நல்ல தாவலுக்குக் கைதட்டும் ரசிகரும் ஒரே நாற்காலியில் உட்காரவைக்கப்படுகிறார்கள். நீ யார் என்பதை நிரூபி என்பதுதான் இருவரின் கேள்வியும். இதற்கு இரண்டாண்டு முன் வந்த '1980' படைப்பில், நடனர்கள் ஒவ்வொருவரும் தம் நாட்டை மூன்றே சொற்களில் சொல்லும் காட்சி உண்டு. ஜெர்மானியர் அடெனாவர், பெக்கன்பாவர், ஷோப்பன்ஹாவர் என்பார். அரங்கம் சிரிக்கும். தேசிய அடையாளத்தைப் பற்றி இவ்வளவு சிக்கனமான கேலி எனக்குத் தெரிந்து வேறில்லை.

1984இல் பௌஷின் குழு முதன்முறையாக அமெரிக்கா சென்றபோது, நியூயார்க்கர் இதழின் நடன விமர்சகர் ஆர்லீன் குரோச்சி கடுமையாக எழுதினார். வலியைக் கடைவிரித்துக் காட்டுகிறார், பெண்கள் அடிபடுவதைத் திரும்பத் திரும்பக் காட்டி அதிலிருந்தே சுவை எடுக்கிறார் என்பது குற்றச்சாட்டின் சாரம். பௌஷின் ரசிகர்கள் இதைப் பழமைவாதத்தின் எரிச்சல் என்று ஒதுக்குவது வழக்கம். அவ்வளவு எளிதாக ஒதுக்கக் கூடாது. 1977இன் 'நீலத்தாடி'யில் ஓர் ஆண் டேப் ரெக்கார்டரில் பார்டோக்கின் ஓப்பராவை ஓடவிட்டு, நிறுத்தி, பின்னோக்கிச் சுற்றி, அதே வரியை மறுபடி கேட்கிறான். அதற்கேற்பப் பெண் உடல்கள் இழுபடுகின்றன. அங்கே திரும்பச் செய்வது சில இடங்களில் கேள்வியாக மாறாமல் வெறும் வன்முறையாகவே நின்றுவிடுகிறது. 'கொன்டாக்ட்ஹோஃப்'பில் அப்படி இல்லை, ஏனென்றால் அங்கே பார்க்கிறவரும் விசாரணைக்கு உட்படுகிறார். இரண்டும் ஒரே கலைஞரின் அடுத்தடுத்த ஆண்டுகளின் படைப்புகள் என்பதால் ஒன்றை வைத்து மற்றதற்கு நற்சான்று கொடுக்க வேண்டியதில்லை.

பிற்காலப் படைப்புகளில் எதிர்மாறான பலவீனம் தெரிகிறது. 1986இல் ரோம் நகரோடு இணைந்து 'விக்டர்' செய்ததில் தொடங்கி, உலக நகரங்கள் குழுவை அழைத்தன. சில வாரங்கள் தங்கி, பார்த்து, கேள்விகள் கேட்டு, ஊர் திரும்பிப் படைப்பாக்குவது வழக்கமாயிற்று. 1989 டிசம்பரில் வந்த 'பலெர்மோ பலெர்மோ' மேடையை அடைத்து நிற்கும் ஒரு பெரிய சுவர் சரிந்து விழுவதில் தொடங்கியது. பெர்லின் சுவர் திறக்கப்பட்டு ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. லிஸ்பன், இஸ்தான்புல் என்று பட்டியல் நீண்டது. இந்தியாவிலுள்ள கோத்தே நிறுவனங்களோடு சேர்ந்து உருவாக்கிய 'பாம்பு ப்ளூஸ்' 2007இல் வந்தது. அழகுக்குக் குறைவில்லை. நீண்ட கவுன்கள், விரித்த கூந்தல், ஒருவர் பின் ஒருவராகத் தனி நடனங்கள். மூன்றாம் ஆளைத்தான் காணோம். அவர் போனதும் காட்சிகளுக்குள் இருந்த இழுவிசையும் போய்விட்டது. ஊர் பார்க்க வந்தவர் பார்த்து வியந்தவையாக மிஞ்சின. 'பாம்பு ப்ளூஸ்'ஸில் ஆடியவர்களில் ஒருவர் சாந்தலா சிவலிங்கப்பா. சென்னையில் பிறந்து பாரிஸில் வளர்ந்தவர், வேம்பட்டி சின்ன சத்யத்திடம் குச்சிப்புடி கற்றவர். அவர் உடலில் ஊறிய மரபு அந்தப் படைப்பில் ஒரு நறுமணமாக வருகிறது, வாதமாக வருவதில்லை என்பது என் குறை.

சென்னையிலிருந்து உண்மையான எதிர்வாதம் வந்தது சந்திரலேகாவிடமிருந்து. காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் பரதம் பயின்று, பின் அதைவிட்டு விலகி நெடுங்காலம் இருந்தவர். 1984இல் மும்பையில் நடந்த கிழக்கு-மேற்கு நடனச் சந்திப்பு அவரை மறுபடி நடனத்துக்குக் கொண்டுவந்தது. அதில் பௌஷின் தலைமுறையைச் சேர்ந்த ஜெர்மன் நடனக் கலைஞர் சூசன் லிங்கெயும் பங்கேற்றார். பெசன்ட் நகர் கடற்கரையோரம் இருந்த தன் இடத்தில் சந்திரலேகா பரதத்தையும் களரியையும் யோகத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்தார். 'அங்கிகா' 1985இல் வந்தது. கடைசிப் பெரும் படைப்பான 'சரீரா' 2001இல். பௌஷும் அவரும் நண்பர்கள், ஒருவர் கலையை மற்றவர் மதித்தவர்கள். ஆனால் இருவரின் உடலும் வேறு. 'சரீரா'வில் குந்தேச்சா சகோதரர்களின் துருபத் இசைக்கு ஒரு பெண்ணும் ஓர் ஆணும் தாங்க முடியாத நிதானத்தில் நெருங்குகிறார்கள். அங்கே திருத்த யாரும் வருவதில்லை. சமூகம் கைவைப்பதற்கு முந்தைய வலிமை உடலுக்கு உண்டு, அதை மீட்கலாம் என்று சந்திரலேகா நம்பினார். பௌஷுக்கு அப்படி ஒரு முந்தைய நிலை இருந்ததாகத் தெரியவில்லை. கற்ற பழக்கத்தைத் திரும்பத் திரும்பச் செய்து, அது எப்போது கற்கப்பட்டது என்று காட்டுவதுதான் அவரால் முடிந்த விடுதலை. சந்திரலேகாவோடு பத்தாண்டு ஆடிய பத்மினி செட்டூரின் பின்னாளையப் படைப்புகளில் இந்த இரு நிலைகளுக்கும் நடுவே ஒரு மூன்றாவது வழி தேடப்படுவதைப் பார்க்கலாம். அது தனிக் கட்டுரைக்குரியது.

பௌஷ் 2009 ஜூன் 30 அன்று காலமானார். புற்றுநோய் என்று தெரிந்து ஐந்தே நாள். விம் வெண்டர்ஸ் அவரோடு சேர்ந்து திட்டமிட்டிருந்த முப்பரிமாணப் படம் அவர் இல்லாமல் 2011இல் வெளிவந்தது. அவர் உயிரோடு இருந்தபோதே வாரிசுரிமைக்கு ஒரு விடை தேடியிருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். 2000ஆம் ஆண்டில் 'கொன்டாக்ட்ஹோஃப்'பை அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்ட வுப்பர்தால் வாசிகளைக் கொண்டு செய்தார். 2008இல் அதையே அந்த ஊர்ப் பள்ளி வயதுப் பிள்ளைகளைக் கொண்டு செய்தார். பழைய நடனரான ஜோசஃபின் ஆன் எண்டிகாட் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பதை 'நடனக் கனவுகள்' என்ற ஆவணப்படத்தில் பார்க்கலாம். ஒருவரையொருவர் தொடவே கூச்சப்படும் பதினாறு வயதுப் பையன்கள் அந்தக் கிள்ளல், தட்டல் காட்சியைச் செய்யும்போது, அது இன்னும் முழுதாகக் கற்கப்படாத பழக்கமாகத் தெரிகிறது. எழுபது வயதுக்காரர்கள் செய்யும்போது கற்றதையே மறந்துவிட்ட பழக்கமாகத் தெரிகிறது. அசைவு ஒன்றே.

2024இல் பௌஷின் பழைய நடனர் மெரில் டாங்கர்ட் இன்னொரு படி மேலே போனார். 1978இல் 'கொன்டாக்ட்ஹோஃப்' ஆடிய முதல் குழுவில் எஞ்சியிருந்தவர்களைத் திரட்டி, எழுபதும் அதற்கு மேலும் ஆன அவர்களையே மறுபடி மேடையேற்றினார். பின்னால் திரையில் போர்ட்ஸிக் அன்று எடுத்த படச்சுருள் ஓடும்; முன்னால் அதே ஆட்கள் தங்கள் இளமைக்கு ஈடுகொடுத்து ஆடுவார்கள். இங்கே திருத்த வரும் மூன்றாம் ஆள் அவர்களுடைய பழைய உடல்தான்.

இந்த வரிசையில் மிகவும் விவாதத்துக்குரியது 'வசந்தப் பலி'யின் பயணம். பௌஷ் அறக்கட்டளை, செனகல் நாட்டில் ஜெர்மேன் அக்கோனி நிறுவிய எகோல் டே சாப்ல் நடனப் பள்ளியோடு சேர்ந்து, பல ஆப்பிரிக்க நாடுகளின் நடனர்களுக்கு அதைக் கற்பித்தது. 2020 மார்ச்சில் டக்கார் நகரில் அரங்கேற வேண்டியது. கொரோனா வந்து எல்லாம் நின்றது. கலைந்து போவதற்கு முன் கடற்கரை மணலில் ஒரு மாலையில் ஆடிய கடைசி ஒத்திகை படமாக்கப்பட்டது. மறு ஆண்டிலிருந்து குழு உலகம் சுற்றியது. அந்தச் சுற்றுப்பயண நிகழ்ச்சியில் அக்கோனியும் மாலு ஐரோடோவும் சேர்ந்து அமைத்த ஒரு சிறு படைப்பும் இடம்பெற்றது. எழுபதைத் தாண்டிய இரு பெண்கள், அவசரமில்லாத இருபது சொச்ச நிமிடங்கள்.

நடனர்களின் ஆற்றலில் யாரும் குறை காணவில்லை. அந்த மண்ணில் அவர்கள் கால் பதியும் விதம் வுப்பர்தால் குழு ஆடியதிலிருந்து வேறாக, சில இடங்களில் அதைவிட வலுவாகவே இருக்கிறது. கேட்க வேண்டியது வேறு. பலி கொடுக்கும் சடங்கைப் பற்றி ஒரு ரஷ்யர் 1913இல் எழுதிய இசை, ஒரு ஜெர்மானியர் 1975இல் அமைத்த அசைவு, அதை ஆப்பிரிக்க உடல்கள் கற்றுக்கொள்ள வேண்டும். தோள் எவ்வளவு வளைய வேண்டும், கை எந்த நொடியில் வயிற்றில் இறங்க வேண்டும் என்று அருகே நின்று திருத்தியவர்கள் வுப்பர்தாலின் பழைய நடனர்கள். அவர்கள் அன்போடும் அக்கறையோடும்தான் திருத்தினார்கள். நாற்காலி தள்ளிய போர்ட்ஸிக்கும் அன்போடுதான் தள்ளினார். எகோல் டே சாப்லில் பிறந்த ஒரு படைப்பைக் கற்க வுப்பர்தால் குழு செனகலுக்குப் போய் மாதக்கணக்கில் மணலில் நின்று திருத்தப்பட்டால்தான், இந்தக் கொடுக்கல் வாங்கலில் இரண்டு பக்கமும் கணக்கு எழுதத் தொடங்கியதாக ஒப்புக்கொள்ளலாம். அதற்கான பணம் யாரிடம் இருக்கிறது, அழைப்பு யார் அனுப்ப வேண்டும் என்பது அறக்கட்டளையிடம் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி.